சம்பந்தியை முந்தக் கூடாது

செம்பாக்கம் ஏரிக்கரையில் விடியற்காலையில் நடக்க வருகிற எல்லோருக்கும் ஜோதிலட்சுமி டீச்சரைத் தெரியும். அத்தனை பேர் நடக்கிற இடத்தில், ஐம்பத்தொரு வயதில், அவள் ஒருத்திதான் ஓடுவாள். முதலில் கொஞ்ச நாள் "என்ன டீச்சர், நாய் துரத்துதா?" என்று கேட்டுப் பார்த்தார்கள். ஆறு வருஷமாகியும் நாயும் கண்ணில் படவில்லை, டீச்சரும் நிற்கவில்லை என்றானதும் வழிவிட்டு ஒதுங்கப் பழகிக்கொண்டார்கள். வாரநாளில் எட்டு கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை பதினைந்து. ஓடி முடித்துக் குளித்துவிட்டு, சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய் எட்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பாள்.

மழை வந்தால் போச்சு. ஊரே குடையைத் தேடுகிற நேரத்தில் டீச்சர் ஷூவைத் தேடுவாள். மழையோடு காற்றும் சேர்ந்துவிட்டால் அவளைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. தொப்பலாக நனைந்து, முட்டிவரைக்கும் சேறு தெறித்து, வீட்டு வாசலில் வந்து நின்று ஈயென்று பல்லைக் காட்டுவாள். அவள் கணவர் ரங்கன் துண்டை நீட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விடுவார். பேசிப் பிரயோஜனமில்லை என்று அவர் தெரிந்துகொண்டு ரொம்ப நாளாகிறது.

அப்படிப்பட்டவளைக் கார்த்திகை மாதத்தில் கோவளம் தாண்டி ஒரு கடற்கரை பங்களாவில் கொண்டுபோய் உட்காரவைத்து, வாசலில் கடலையும் கடலுக்கு மேலே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்தையும் நிறுத்திவைத்துவிட்டு, "ஓடக் கூடாது" என்று சொன்னால் அது எந்த ஊர் நியாயம்?

சொன்னது மகள் ஜெயஸ்ரீ. அவளுக்கும் வண்டலூர் அருண்ராஜுக்கும் நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது, தை மாதம் கல்யாணம். "கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு குடும்பமும் ஒரு ரெண்டு நாள் ஒண்ணா இருந்து பார்க்கலாமே" என்று இந்தப் பங்களாவுக்கு ஏற்பாடு செய்தவர் மாப்பிள்ளையின் அம்மா நாகலக்ஷ்மி. வந்து இறங்கியதிலிருந்து மழை. ஆண்கள் சீட்டாடினார்கள், மாப்பிள்ளையும் பெண்ணும் பால்கனியில் நின்று நனைந்தார்கள், மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. எல்லோரும் வானிலை அறிக்கையைத் திட்டினார்கள். ஜோதிலட்சுமியும் கூடச் சேர்ந்து திட்டினாள். உள்ளுக்குள் அவளுக்கு வாயெல்லாம் எச்சில் ஊறிக்கொண்டிருந்தது.

"அம்மா, உன் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது. இங்கயும் ஓடறேன்னு கிளம்பிடாத. அத்தை என்ன நினைப்பாங்க?" என்று ஜெயஸ்ரீ தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள்.

அத்தை என்ன நினைப்பார் என்பதுதான் மூன்று மாதமாக ஜோதிலட்சுமியின் ஒரே கவலை. வகுப்பில் அறுபது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவள், நாகலக்ஷ்மியின் முன்னால் மட்டும் தஞ்சாவூர் பொம்மை மாதிரித் தலையாட்டினாள். முகூர்த்தம் காலை நாலரை மணிக்கு என்றார்கள், தலையாட்டினாள். கூரைப்புடவை மாம்பழ மஞ்சள் என்றார்கள், அதற்கும் ஆட்டினாள். தான் ஒரு வார்த்தை அதிகம் பேசினால் அது நாளைக்கு ஜெயஸ்ரீயின் தலையில் விடியும் என்று பயம். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற அம்மாக்களுக்கு இந்தப் பயத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பத்திரிகையில் மஞ்சள் தடவும்போதே கையில் ஒட்டிக்கொண்டுவிடும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்குக் கண் விழித்தபோது, காற்று ஜன்னல் கதவைப் பிடித்து உலுக்கியது. அவ்வளவுதான். எல்லோரும் எழுந்து காபி கேட்பதற்குள் போய்விட்டு வந்துவிடலாம், தலையைத் துவட்டிக்கொண்டு குளித்துவிட்டேன் என்று சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டாள். டி-ஷர்ட், கண்ணில் மழை விழாமலிருக்க ஒரு தொப்பி, கையில் ஷூ. பூனை மாதிரிக் கதவைத் திறந்தாள்.

வாசல் படியில் உட்கார்ந்து நாகலக்ஷ்மி ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்.

சுடிதாருக்கு மேலே மகனுடைய நீல மழைக்கோட்டு. காலில் பளீரென்று வெள்ளை ஷூ. ஒரு பொட்டு அழுக்கு இல்லை. ஷூவைக்கூட இவ்வளவு சுத்தமாக வைத்துக்கொள்கிற வீட்டில் என் பெண் எப்படிக் காலம் தள்ளப்போகிறாள் என்றுதான் ஜோதிலட்சுமிக்கு முதலில் தோன்றியது.

"ஓடப் போறீங்களா சம்பந்திம்மா?" என்றார் நாகலக்ஷ்மி.

"ஐயோ, அதெல்லாம் இல்லைங்க. சும்மா காத்து வாங்கலாம்னு..."

"இந்தக் காத்தை எதுக்குப் போய் வாங்கணும்? அதுவே வீட்டுக்குள்ள வந்து குடுத்துட்டுப் போகுதே. வாங்க, நானும் வர்றேன். நானும் ஓடுறவதான்."

இரண்டு பேரும் மணலில் இறங்கினார்கள். இடது பக்கம் கடல் பழுப்பு நிறத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. அலை வந்து போன இடத்தில் மணல் கெட்டியாக, ஓடுவதற்கென்றே போட்டுவைத்த மாதிரி இருந்தது. தெற்கே மகாபலிபுரம் பக்கமாகத் திரும்பியதும் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. வெறும் காற்றா அது! இரண்டு கால்களும் 'போ, போ' என்று துடித்தன.

போகத்தான் முடியவில்லை. ஏனென்றால் முன்னால் சம்பந்தியம்மா.

பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் முதலில் உட்காருவார்கள். காரில் முன் சீட்டு அவர்களுக்கு. கோயிலில் விபூதித் தட்டு முதலில் அவர்கள் பக்கம்தான் நீளும். கடற்கரையில் யார் முன்னால் ஓடுவது என்று யாரும் எழுதிவைக்கவில்லை, ஆனாலும் எழுதித்தானா தெரிய வேண்டும்? ஜோதிலட்சுமி மரியாதையாக இரண்டடி பின்னால் ஓடினாள். நாகலக்ஷ்மி திரும்பிப் பார்த்தார், வேகத்தைக் குறைத்தார். தனக்காக நிற்கிறாரே என்று பதறி ஜோதிலட்சுமி இன்னும் கொஞ்சம் குறைத்தாள். நாகலக்ஷ்மி மறுபடி திரும்பிப் பார்த்து இன்னும் குறைத்தார். இப்படிக் குறைத்துக் குறைத்து, கொட்டுகிற மழையில் இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே குதிக்கிற நிலைமைக்கு வந்துவிட்டார்கள். ஜோதிலட்சுமியின் கைக்கடிகாரம் ஒரு முறை அதிர்ந்து, ஓட்டம் முடிந்துவிட்டது என்று தானாகவே முடிவுசெய்து கணக்கை நிறுத்திக்கொண்டது.

அப்போது பின்னாலிருந்து டமடமவென்று சத்தம் வந்தது. பக்கத்துக் குப்பத்தில் மீன் விற்கிற ரேணுகாம்பாள், மீன் வைக்கிற அலுமினிய அன்னக்கூடையைக் குடைக்குப் பதிலாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அதில் மழை கொட்டு அடிக்க, நடந்து வந்தாள். கரையில் ஏற்றிவைத்த படகின் தார்ப்பாய் பிய்த்துக்கொண்டதா என்று பார்க்கக் கிளம்பியவள். சாதாரணமாக நடந்தே இரண்டு பேரையும் தாண்டினாள். நாலு அடி போனவள் நின்று திரும்பினாள்.

"இன்னாம்மா பண்ணிகினு கீறீங்க? எதுனா கீழ வுட்டுட்டு தேடறீங்களா?"

"ஓடறோம்," என்றார் நாகலக்ஷ்மி, குரலில் கௌரவம் குறையாமல்.

"இத்துக்குப் பேரு ஓட்டமா? நான் நட்ந்து வந்தே புட்ச்சிட்டேனே!"

"அவங்க முன்னாடி போகட்டும்னுதான் நான்..." என்றாள் ஜோதிலட்சுமி.

"அவங்க வரட்டும்னுதான் நான்..." என்றார் நாகலக்ஷ்மி.

ரேணுகாம்பாள் கூடையை நிமிர்த்திக்கொண்டு இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "சம்பந்திங்களா?"

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் முகத்து மழையைத் துடைத்துக்கொண்டார்கள்.

"அதானே பார்த்தேன்! எம் பொண்ணு மாமியாரும் நானும் இப்டித்தாம்மா. கேளம்பாக்கத்துல பஸ்ஸு ஏறனோம், ஒரே ஒரு சீட்டு காலி. நீ குந்து, நீ குந்துன்னு ரெண்டு பேரும் நின்னுகினே இருக்கோம், நடுவுல வேற ஒர்த்தி வந்து குந்திகினா. தாம்பரம் வரிக்கும் நின்னுகினே போனோம். ஓடறத்துக்குமா சீர் வெச்சிகினு கீறீங்க? போங்கம்மா, போய் ஓடுங்க!" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவள் போன பிறகும் கூடையில் மழை அடிக்கிற சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது.

ஜோதிலட்சுமிக்குக் காது சுட்டது. நாகலக்ஷ்மி, "நீங்க உங்க வேகத்துல போங்களேன் சம்பந்திம்மா," என்றார்.

"ஐயோ, இதுதாங்க என் வேகம்," என்று ஜோதிலட்சுமி கூசாமல் பொய் சொன்னாள்.

அந்தப் பொய் காற்றுக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது. ஒரு வீச்சு வீசியது பாருங்கள், மணலும் மழையும் சேர்ந்து வாரியடித்ததில் ஜோதிலட்சுமியின் தொப்பி தலையை விட்டுக் கிளம்பி, நாகலக்ஷ்மியின் தோளை உரசிக்கொண்டு, கரையோரமாக உருண்டு ஓடியது. "ஐயோ என் தொப்பி!" என்று அவள் அதன் பின்னால் பாய்ந்தாள். சம்பந்தியம்மாவைத் தாண்டினாள். தாண்டியதைக் கவனிக்கவில்லை. தொப்பி தண்ணீரில் இறங்கப் போகிற சமயத்தில் குனிந்து எட்டிப் பிடித்துவிட்டாள்.

அங்கே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. முதல் ஐம்பது அடிக்குத் தொப்பியைக் காரணம் சொல்லலாம், அதற்கு மேல் ஓடியதற்கு அவள் எந்தக் கோர்ட்டிலும் பதில் சொல்ல முடியாது. கால் ஓடியது, அவள் கூடப் போனாள். காற்று முதுகை விடவே இல்லை. ஒவ்வொரு அடியிலும் பூமி அவளைக் கொஞ்சம் தூக்கிவிட்டது. மழை பிடரியில் அடித்து முதுகுத்தண்டு வழியாக இறங்கியது. அலை ஒன்று முழங்கால்வரை ஏறி வர, அதன் மேலேயே சளப்சளப்பென்று மிதித்துக்கொண்டு போனாள். வளைக்குள் ஓடிய நண்டுகளைப் பார்த்து "ஓடுங்கடா, ஓடுங்க!" என்று கத்தினாள். கத்தியதும் இன்னும் கத்த வேண்டும் போலிருந்தது. என்ன கத்துவது என்று தெரியாமல், கையிரண்டையும் விரித்துக்கொண்டு பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொன்னாள். பதினேழு எட்டு நூற்று முப்பத்தாறு! கடல் மறுத்துப் பேசவில்லை. மூன்று மாதமாக அடக்கிவைத்த அத்தனையும் வாய் வழியாகவும் கால் வழியாகவும் போய்க்கொண்டிருந்தது. இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தபோது அவளுக்கு அழுகைகூட வந்தது, மழையில் அது யாருக்கும் தெரியப்போவதில்லை என்பதால் தாராளமாக அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

இரண்டு கிலோமீட்டர் போயிருப்பாள். மூச்சு வாங்கத் திரும்பினாள். திரும்பியதும் அதே காற்று ஈரத் துணியால் அறைவதுபோல் முகத்தில் அறைந்தது.

சம்பந்தியம்மா!

கரை நெடுக ஆளே இல்லை. மழைத் திரை, அதற்கு அப்பால் மங்கலாக நாலைந்து படகுகள், அவ்வளவுதான். மாப்பிள்ளையின் அம்மாவை நட்டநடு மழையில் தனியாக விட்டுவிட்டு, முந்திக்கொண்டு, கையை விரித்துக் கூவிக்கொண்டு ஓடியிருக்கிறாள் பெண்ணின் அம்மா. இதை வண்டலூரில் எத்தனை வருஷம் பேசுவார்கள்? ஜெயஸ்ரீயை உட்காரவைத்துக்கொண்டே பேசுவார்கள். அதுகூடப் பரவாயில்லை, கடல் இருக்கிற இருப்பில் அந்த அம்மாள் தடுக்கி விழுந்திருந்தால்? ஒரு அலை காலை வாரியிருந்தால்?

திரும்பி ஓடினாள். போனபோது தூக்கிக்கொண்டு போன காற்று இப்போது ஒவ்வொரு அடிக்கும் விலை கேட்டது. மணல் கண்ணிலும் வாயிலும் விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, "கடவுளே, அந்தம்மா என்னைத் திட்டட்டும், நல்லபடியா இருந்து திட்டட்டும்," என்று வேண்டிக்கொண்டே ஓடினாள்.

படகுகள் நெருங்கின. முதல் படகின் முனையில் நீல மழைக்கோட்டு தனியாகத் தொங்கிப் படபடத்துக்கொண்டிருந்தது. கோட்டுக்குள் ஆள் இல்லை. ஜோதிலட்சுமி அப்படியே நின்றுவிட்டாள்.

"இங்க! இங்க!" என்று தார்ப்பாய்க்குக் கீழிருந்து ஒரு கை நீண்டது.

படகின் மறைவில் ரேணுகாம்பாள் பக்கத்தில் நாகலக்ஷ்மி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஷூ இரண்டும் கழற்றிப் போட்டிருந்தது. வலது குதிகாலில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் உரிந்திருக்க, ரேணுகாம்பாள் ஒரு பழைய துணியைக் கிழித்து அதில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிடுங்க," என்று ஜோதிலட்சுமி மூச்சிரைக்க மணலில் மண்டிபோட்டாள். "தொப்பியைப் பிடிக்கத்தான்... அப்புறம் காத்து... நான் உங்களை முந்தணும்னு நினைக்கவே இல்லைங்க. எதையும் மனசுல வெச்சுக்காதீங்க. ஜெயஸ்ரீக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது."

நாகலக்ஷ்மி அவளையே பார்த்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று ஜோதிலட்சுமி பயந்தாள். சிரித்துக்கொண்டிருந்தார்.

"சம்பந்திம்மா, நான் பொறந்ததிலேருந்து ஓடினதே இல்ல."

"என்னது?"

"இந்த ஷூ வியாழக்கிழமை மேற்குத் தாம்பரத்துல வாங்கினது. நான் மரியாதைக்காக மெதுவாப் போறேன்னா நினைச்சீங்க? எனக்கு அதுதாங்க முழு வேகம்! திரும்பித் திரும்பிப் பார்த்தது மூச்சு வாங்கறதுக்கு."

ஜோதிலட்சுமிக்கு ஒன்றும் ஓடவில்லை. "அப்புறம் ஏன் வந்தீங்க?"

நாகலக்ஷ்மியின் சிரிப்பு அடங்கியது. "மூணு மாசமா உங்ககூடப் பேசறேன். எதைக் கேட்டாலும் தலையாட்டறீங்க. நான் என்ன பூதமா? உங்களுக்கு எங்க வீட்டைப் பிடிச்சிருக்கா, பிடிக்காமப் பொண்ணுக்காகப் பொறுத்துக்கறீங்களா, ஒண்ணும் தெரியல. எனக்குத் தூக்கமே வர்றதில்ல. ஜெயஸ்ரீதான் ஒரு நாள் வாய் தவறிச் சொன்னா, எங்கம்மாவை நிஜமாப் பார்க்கணும்னா அவங்க ஓடும்போது பார்க்கணும் அத்தைன்னு. சரி, பின்னாடியே ஓடியாவது பார்த்துடுவோம்னு வந்தேன். நீங்க என்னடான்னா அங்கயும் எனக்குப் பின்னாடி வந்து நின்னுக்கிட்டீங்க."

மழை தார்ப்பாயில் படபடவென்று விழுந்தது. தன்னைப் பார்த்து ஒருத்தி பயந்திருக்கிறாள் என்பது ஜோதிலட்சுமிக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை.

"எனக்கு அந்த மாம்பழ மஞ்சள் புடவை பிடிக்கல," என்றாள் திடீரென்று. சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்கும்தான்!" என்று நாகலக்ஷ்மி தொடையில் அடித்துக்கொண்டார். "கடைக்காரர் காட்டினதுக்கு நீங்க தலையாட்டினீங்களேன்னு எடுத்தேன்!"

"நாலரை மணி முகூர்த்தம்?"

"யாருக்கு வேணும் நாலரை மணி? ஜோசியர் ஒன்பது மணிக்கும் ஒண்ணு குடுத்தாரு. நீங்க சீக்கிரம் எழுந்திரிக்கிறவங்களாச்சேன்னு நாலரைக்குச் சொன்னேன்!"

"இன்னும் கொஞ்ச நாள் வுட்டிருந்தா புடிக்காத கல்யாணத்தையே முடிச்சிருப்பீங்க போல," என்றாள் ரேணுகாம்பாள், முடிச்சைப் பல்லால் இறுக்கிக்கொண்டே. மூன்று பேரும் படகு ஆடுகிற மாதிரிச் சிரித்தார்கள். நிறுத்த முயன்றால் யாராவது ஒருத்தர் மறுபடி ஆரம்பித்துவைத்தார்கள்.

பங்களா அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர். ரோட்டுக்குப் போனால் ஷேர் ஆட்டோ வரும் என்று ரேணுகாம்பாள் சொன்னாள். நாகலக்ஷ்மி எழுந்து நின்று ஷூவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "ஓடணும்னு வந்தேன், ஓடித்தான் போவேன்."

"எதிர்க் காத்துங்க. முகத்துல அடிக்கும். எனக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு வாங்க. காத்தை நான் வாங்கிக்கறேன்," என்றாள் ஜோதிலட்சுமி.

அப்படித்தான் கிளம்பினார்கள். பெண்ணின் அம்மா முன்னால், மாப்பிள்ளையின் அம்மா அவள் முதுகுக்குப் பின்னால் வெறுங்காலில். ஜோதிலட்சுமி தோளை விரித்துக்கொண்டு ஓடினாள், எவ்வளவு காற்றை மறைக்க முடியுமோ அவ்வளவையும் மறைத்துக்கொண்டு. பின்னால் மூச்சு ரயில் மாதிரி வந்தது. நூறடி ஓட்டம், ஐம்பதடி நடை, மறுபடி ஓட்டம். அலை வந்தால் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வீல் என்று கத்தினார்கள். ஜோதிலட்சுமி கத்திக்கொண்டு போன வாய்ப்பாட்டைப் பற்றி ரேணுகாம்பாள் சொல்லிக் கேட்டிருந்த நாகலக்ஷ்மி, அதைச் சொல்லச் சொன்னார், பதினேழில் பாதியிலேயே சிரிப்பு வந்து இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்துவிட்டார்கள், ஒருவரை ஒருவர் இழுத்துவிட்டு எழுந்தார்கள்.

பங்களா தெரிந்தது. வராந்தாவில் குடும்பம் மொத்தமும் காபி டம்ளரோடு நின்றிருந்தது. ரங்கன் துண்டோடு நின்றிருந்தார். சம்பந்தியம்மாவை இரண்டடி பின்னால் விட்டுவிட்டு, தலைவிரிகோலமாக முன்னால் ஓடி வருகிற அம்மாவைப் பார்த்து ஜெயஸ்ரீ வாயில் கைவைத்துக்கொண்டாள்.

கடைசி ஐம்பதடி. ஜோதிலட்சுமியின் காதில் பின்னாலிருந்த காலடிச் சத்தம் தளர்ந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு இங்கே நிற்பதா? யோசிக்காமல், முகத்தைத் திருப்பாமல், காற்றைக் கிழித்துக்கொண்டு கத்தினாள்:

"ஏய், நிக்காதடி! ஓடு!"

வாயைவிட்டு வார்த்தை போய்விட்டது. வராந்தாவில் ஒரு டம்ளர் கீழே விழுந்து உருண்டது. பதினேழாம் வாய்ப்பாடு முதல் பெற்ற பெண்ணின் வாழ்க்கை வரை எல்லாம் ஒரே நொடியில் ஜோதிலட்சுமிக்கு மறந்துபோனது.

"வரேன்டி! கத்தாத!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது, அதைத் தொடர்ந்து காலடியும்.